அது தின்னாத மீன்

விருத்தாசலம்
9-3-1970

அமலு அப்பாவுக்கு,

நல்லா இருக்கீங்களான்னு கேட்டு ஆரம்பிக்க எனக்கு மனசு வரலை. கால் எலும்பு கூடிடுச்சுன்னு உங்க அக்காவுக்கு எழுதியிருக்கீங்க, அவங்க படிச்சுக் காட்டினாங்க, அதனால தெரியும். கட்டினவளுக்கு எழுதாட்டியும் எப்படியும் அவ காதுக்குப் போயிடும்னு நினைச்சீங்களோ என்னவோ. வந்துடுச்சு.

வெள்ளிக்கிழமை மத்தியானம் செராமிக் கம்பெனியில நான் பொம்மைக்கு விளிம்பு சீவிக்கிட்டு இருந்தேன். அமலு என் காலடியில கோணி மேல உக்காந்து, உடைஞ்சு போன கிளிமூக்கையெல்லாம் பொறுக்கி வரிசையா வச்சுக்கிட்டு இருந்தா. உங்க அக்கா பெண்ணாடத்துலேருந்து வாடகைக் கார் எடுத்துக்கிட்டு வந்து கேட்டுல நின்னாங்க. கையில உங்க லெட்டரு. "தம்பி எழுதியிருக்கான், பிள்ளையை அந்தத் தூசியில விடாதே, நான் திரும்பி வர்ற வரைக்கும் நீ வச்சு வளர்த்துக்கோன்னு. இந்தா, நீயே படி"ன்னாங்க. படிச்சேன். உங்க கையெழுத்துதான்.

அமலுவுக்கு ஒண்ணும் புரியலை. மூணு வயசுப் பிள்ளைக்கு என்ன புரியும். கார்ல போறோம்னு ஒரே சந்தோஷம். சன்னல் வழியா எனக்குக் கையாட்டிக்கிட்டே போனா. நான் கையில சீவுற கத்தியோட நின்னேன்.

ஞானஸ்நானத்தன்னிக்கு அண்ணி கையில அவளைக் குடுத்து, "இனிமே இவ உன் பிள்ளை அக்கா"ன்னு சொன்னீங்க. ஞானத்தாய்க்கு எல்லாரும் சொல்றதுதானேன்னு நானும் சிரிச்சேன். அவங்க அதை அப்பவே உள்ளுக்குள்ள எடுத்து வச்சுக்கிட்டாங்க போல.

ஒரு வரி எழுதுங்க. பிள்ளையை மேரிகிட்டத் திருப்பிக் குடுத்துடுன்னு ஒரே ஒரு வரி. நான் சொன்னா கேக்க மாட்டாங்க.

உபகாரமேரி


கனடா
30-3-1970

அன்புள்ள மேரி,

நீ கோபமா இருக்கேன்னு முதல் வரியிலயே தெரிஞ்சுது. உன்கிட்டக் கேட்டிருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பே. அதனாலதான் அக்காவுக்கு எழுதினேன்.

நம்ம மூத்தவன் இழுத்து இழுத்து மூச்சு விட்ட சத்தம் இன்னும் என் காதுல இருக்குது. மண்ணுத் தூசியாலதான்னு டாக்டரு சொல்லலை. வேற எதாலன்னும் சொல்லலை. அமலுவுக்கு இருமல் நிக்கலைன்னு நீ டிசம்பர்ல எழுதினதுலேருந்து ஆஸ்பத்திரிக் கட்டில்ல எனக்குத் தூக்கமே இல்லை. அக்கா வூட்டுல மாடு இருக்குது, தோட்டம் இருக்குது, வெள்ளாத்துக் காத்து இருக்குது. நான் வர்ற வரைக்கும்தான் மேரி. தத்துக் குடுத்துடலை.

கால் ஒடிஞ்சதும் கப்பல் என்னை ஆஸ்பத்திரியில விட்டுட்டுப் போனது உனக்குத் தெரியும். நொண்டுறவனை வேற எந்தக் கப்பல்லயும் ஏத்த மாட்டேங்குறாங்க. பக்கத்துக் கட்டில்ல கிடந்த மீன்பிடிக்காரர் ஒருத்தரு வேலை வாங்கிக் குடுத்திருக்காரு. என்ன வேலைன்னு சொன்னா சிரிப்பே. திமிங்கலத்துக்குத் தீனி போடுற வேலை.

கொலைகாரத் திமிங்கலம்னு இதுக்கு இங்க பேரு. உடம்பு கறுப்பு, வயிறு வெள்ளை, கண்ணுக்கு மேல முட்டை போல ஒரு வெள்ளைத் திட்டு. முதுகுல பலகையை நட்டு வச்ச மாதிரி ஒரு துடுப்பு. ஆணுக்கு அது ஆள் உயரம். ஆனா இது மீனில்லை. குட்டி போட்டுப் பால் குடுக்குது, தண்ணிக்கு மேல வந்துதான் மூச்சு விடுது. கூட்டமாத்தான் திரியும், கூட்டத்துக்குத் தலைமை பொம்பளைதானாம். ஆண் குட்டி எவ்வளவு பெருசானாலும் ஆத்தாளை விட்டுப் போகாதாம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனியா ஒரு குரல் இருக்குதுன்னு இங்க உள்ள மீன்பிடிக்காரங்க சொல்றாங்க.

ஒரு கூட்டம் இந்தச் சின்ன விரிகுடாவுக்குள்ள வந்திருக்குது. எனக்கு வேலை குடுத்தவங்க விரிகுடா வாயை வலை போட்டு அடைச்சுட்டாங்க. ஒரு தாயும் மகளும் உள்ள மாட்டிக்கிச்சு. காட்சி நடத்துற கம்பெனிக்கு விக்கப் போறாங்களாம். மத்ததுங்க வலைக்கு வெளியிலயே நின்னு ரொம்ப நேரம் கத்திட்டு அப்புறம்தான் போச்சு. உள்ள இருக்கிறது ஒரு எம்பு எம்பினா வலையைத் தாண்டிடலாம். தாண்டலை. ஏன்னு யாருக்கும் தெரியலை.

நம்ம மத்தி மாதிரி ஒரு மீனை வாளி வாளியாக் கொண்டுபோய்க் கொட்டுறேன். ஒரு மாசம் ஆச்சு. ரெண்டும் இன்னும் ஒண்ணு கூடத் தின்னலை.

அமலு அங்க சுகமா இருப்பா. கவலைப்படாதே.

சூசைநாதன்


விருத்தாசலம்
19-4-1970

அமலு அப்பாவுக்கு,

பிள்ளையைப் பத்திக் கேட்டா திமிங்கலத்தைப் பத்தி எழுதியிருக்கீங்க. என்கூட அச்சு ஊத்துற பாஞ்சாலைக்குப் படிச்சுக் காட்டினேன். "உங்க வூட்டுக்காரருக்குக் குளிர்ல புத்தி பெரண்டுடுச்சாக்கா"ன்னு கேட்டா. நானும் அதைத்தான் நினைச்சேன். அப்புறம் ரெண்டும் ஒண்ணு கூடத் தின்னலைங்கிற வரியைத் திரும்பப் படிச்சேன்.

அமலுவும் சாப்பிடலை.

ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் பஸ் ஏறிப் போறேன். கருவேப்பிலங்குறிச்சியில பஸ்ஸு நிக்கிற நேரத்துல கூட எனக்கு உயிர் போயிடுது. போனா என் மடியை விட்டு இறங்க மாட்டா. நான் பிசைஞ்சு குடுத்தா ரெண்டு வாய் வாங்குவா. அவ்வளவுதான், வாரம் பூரா அவ வயித்துக்குப் போறது. மத்த நாள்ல பால் குடுத்தா துப்புறாளாம். வெளியில வண்டிச் சத்தம் கேட்டா ஓடிப்போய்ச் செருப்பை மாட்டிக்கிட்டு நிக்கிறாளாம். கார்ல கூட்டிக்கிட்டு வந்தவங்க கார்லயே கொண்டுபோய் விடுவாங்கன்னு நம்பிக்கிட்டு இருக்கா. என்கிட்ட, "கார் எப்பம்மா வரும்"னு கேக்குறா. கழுத்து எலும்பு தெரியுது.

அண்ணி ஒண்ணும் கெட்டவங்க இல்லை, நான் பொய் சொல்ல மாட்டேன். தட்டை வச்சுக்கிட்டு அவ பின்னாலயே தோட்டமெல்லாம் சுத்துறாங்க. ஆனா என்னைப் பார்த்து, "நீ வந்து வந்து போறதாலதான் பிள்ளை ஏங்குது"ன்னு சொல்றாங்க. இந்த மாசம் முடிஞ்சும் சாப்பிடலைன்னா நீயே கொண்டு போயிடுன்னும் போன வாரம் சொன்னாங்க. கேட்டதும் என் மனசுல என்ன வந்துச்சு தெரியுமா? சாப்பிடாதடி கண்ணு, இன்னும் கொஞ்ச நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துடுன்னு வந்துச்சு. பெத்தவ நினைக்கிற நினைப்பா இது. பாவசங்கீர்த்தனத்துல கூட என்னால சொல்ல முடியலை.

நீங்க எழுதினதை வச்சு அவளுக்காக மண்ணுல ஒரு திமிங்கலம் செஞ்சேன். மேஸ்திரி சூளையில ஒரு மூலை குடுத்தாரு. ரெண்டு தடவை சுட்டும் துடுப்பு சாஞ்சுக்கிட்டுத்தான் வந்துச்சு. மெல்லிசா நிக்கிறதுக்கெல்லாம் முட்டு வச்சுத்தான் சுடணும். அந்த முட்டும் அதே மண்ணுல இருக்கணும், அப்பதான் ரெண்டும் ஒண்ணாச் சுருங்கும். வேற மண்ணா இருந்தா கீறல் விட்டுடும். நீங்க என் பிள்ளைக்கு உங்க அக்காவை முட்டு வச்சிருக்கீங்க. நான் வேற என்னத்தைச் சொல்ல.

அந்த ஒரு வரியை எழுதுங்க.

உபகாரமேரி


கனடா
12-5-1970

அன்புள்ள மேரி,

உன் கடிதமும் அக்கா கடிதமும் ஒரே நாள்ல வந்துச்சு. ரெண்டையும் மாத்தி மாத்திப் படிச்சேன்.

உன் பொம்மை தப்பில்லை. பிடிச்சு அடைச்சு வச்ச ஆணுக்கு இங்கயும் துடுப்பு சாஞ்சுதான் கிடக்குது. பக்கத்து வலையில அப்படி ஒண்ணைப் பாத்தேன்.

இங்க ரெண்டுமே வாடிப் போச்சு. தலைக்குப் பின்னால கொழுப்பெல்லாம் கரைஞ்சு குழி விழுந்திருக்குது. விட்டுடலாம்னு ஒருத்தரு சொல்றாரு, விடக் கூடாதுன்னு இன்னொருத்தரு சொல்றாரு. போன வாரம் மகள் ஒரு மீனை வாயில பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. தாய் ஒரு குரல் குடுத்துச்சு. உடனே கீழ போட்டுடுச்சு. மேனேஜரு கரையில நின்னு பாத்தாரு. "தாய்தான் தின்ன விட மாட்டேங்குது, ரெண்டையும் பிரிச்சு வைங்க"ன்னாரு. நேத்து நடுவுல ஒரு வலை கட்டினோம். நானும் கயிறு பிடிச்சேன்.

இதை ஏன் எழுதுறேன்னு உனக்குப் புரிஞ்சிருக்கும். அக்கா எழுதியிருக்குது, நீ ஞாயித்துக்கிழமை வந்துட்டுப் போனா அடுத்த ஞாயிறு வரைக்கும் அமலு வாசலையே பாத்துக்கிட்டுப் பட்டினி கிடக்குறாளாம். உன்னைக் குத்தம் சொல்லலை. ஆனா உன்னைப் பாக்குற வரைக்கும் அவ வேற கையில வாங்க மாட்டா. கொஞ்ச நாளைக்கு அங்க போகாதே. தூசிக்குத் திருப்பிக் கொண்டு வரவும் வேணாம். கல்நெஞ்சக்காரன்னு திட்டு, பரவாயில்லை. ஒரு பிள்ளையைக் குடுத்துட்டோம். இன்னொண்ணையும் குழியில வைக்க என்னால முடியாது.

சூசைநாதன்


விருத்தாசலம்
4-6-1970

அமலு அப்பாவுக்கு,

போகலை. நான் போறதாலதான் பிள்ளை பட்டினின்னு நீங்க ரெண்டு பேரும் சொல்றப்ப நான் எப்படிப் போவேன். அவ பொழைச்சாப் போதும்.

ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் கால் தானா பஸ் ஸ்டாண்டுக்குப் போயிடுச்சு. பெண்ணாடம் பஸ்ஸு கிளம்பிக்கிட்டு இருந்துச்சு. "என்னம்மா, ஏறலையா"ன்னு கண்டக்டரு கேட்டாரு. இல்லைங்க, சும்மா வந்தேன்னு சொன்னேன். பஸ் ஸ்டாண்டுக்கு யாராவது சும்மா வருவாங்களா.

ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அந்தத் தாய் இப்ப என்ன செய்யுது? வலை கட்டினதோட எழுதி நிறுத்திட்டீங்க.

உபகாரமேரி


கனடா
26-6-1970

அன்புள்ள மேரி,

தாய் செத்துப் போச்சு.

நீ கேட்டதால எழுதுறேன். வலை கட்டின நாளுலேருந்து அது வலையை ஒட்டியே கிடந்துச்சு. மகள் இந்தப் பக்கம் ஒட்டிக் கிடந்துச்சு. இதுங்க தூங்கினாக் கூட நினைச்சு நினைச்சுத்தான் மூச்சு விடணுமாம். நம்மள மாதிரித் தானா வராது. ஒண்ணுக்கு முடியாமப் போனா மத்ததுங்க அடியில போய் முதுகுல தாங்கி மேல கொண்டாரும். தாய் முங்க ஆரம்பிச்சப்ப மகள் அடியில போகப் பாத்துச்சு. வலையில முட்டி முட்டி மூஞ்சியெல்லாம் தோலு உரிஞ்சுது. நாங்க வலையை அறுக்கிறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுடுச்சு.

ஆனா மேரி, அதுக்கப்புறம் நடந்ததையும் சொல்லணும். பக்கத்து வலையில அந்த ஆணோட முன்னாலயே பிடிச்சுப் பழக்கின பொட்டை ஒண்ணும் இருக்குது. அது தன் மீனை வலைக் கண்ணு வழியா இந்தப் பக்கம் தள்ளிவிட்டுச்சு. மகள் வாங்கித் தின்னுடுச்சு. மறுநாள் என் வாளியிலேருந்தே தின்னுச்சு. கரையில எல்லாரும் கைதட்டினாங்க, மேனேஜரு ஒவ்வொருத்தர் முதுகுலயும் தட்டிக் குடுத்தாரு. நானும் கைதட்டினேன். அது பொழைச்சுடும்.

அதனால நீயும் கொஞ்சம் பொறுத்துக்கோ.

சூசைநாதன்


விருத்தாசலம்
15-7-1970

அமலு அப்பாவுக்கு,

உங்க அக்கா கார்டு போட்டிருக்காங்க. அமலு சாப்பிடுறாளாம். காலையில இட்லி, மத்தியானம் பருப்பு போட்டு ரசஞ்சோறு. இருமல் நின்னுடுச்சாம், கன்னம் வச்சிருக்காம். நீங்க சொன்னதுதான் சரி. கோயில்ல மெழுகுவத்தி ஏத்தினேன்.

தாய் செத்தப்புறம் மகள் சாப்பிட்டுதுன்னு எழுதிட்டு, அதனால நீயும் பொறுத்துக்கோன்னு எழுதியிருக்கீங்க. அந்தக் கணக்குல நான் யாருன்னு எழுதுறப்ப யோசிச்சீங்களா?

பொம்மையை ஒடிச்சு ஒடிச்சு வைக்கிறேன்னு மேஸ்திரி என்னைச் சீவுற இடத்துலேருந்து மண்ணு பிசையுற இடத்துக்கு மாத்திட்டாரு. வேற சேதி இல்லை.

உபகாரமேரி


கனடா
2-9-1970

மேரி,

உன் கேள்விக்குப் பதில் எழுத உக்காந்து உக்காந்து எந்திரிச்சுட்டேன். இப்ப எழுதாம இருக்க முடியலை.

அந்தத் தாயை ஐஸ்ல வச்சிருந்தாங்க. போன வாரம் டாக்டருங்க வந்து அறுத்துப் பாத்தாங்க. தூக்கிப் பிடிக்க என்னையும் கூப்பிட்டாங்க. வயித்துல மீன் முள்ளு ஒண்ணு கூட இல்லை. மயிரும் நகமுமா இருந்துச்சு, கடல்நாயோட மயிரு. கடல்நாய்னா பாறை மேல வெயில்ல படுத்துக் கிடக்குற ஒரு பிராணி. டாக்டருங்களே ஒருத்தரை ஒருத்தரு பாத்துக்கிட்டாங்க. மீன் தின்னுற கூட்டம் வேற, கடல்நாய் தின்னுற கூட்டம் வேற போலிருக்குதுன்னு ஒருத்தரு சொன்னாரு. பாக்க ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குது. ஆத்தா எதைச் சோறுன்னு காட்டினாளோ அதுதான் அதுக்குச் சோறு. மத்தது கண்ணு முன்னால கொட்டிக் கிடந்தாலும் சோறு இல்லை.

அப்ப அந்தத் தாய் மகளைத் தடுக்கலை மேரி. நாங்க போட்டது அதுங்களுக்குத் தீனியே இல்லை. விரிகுடா ஓரமெல்லாம் கடல்நாய் கிடக்குது. ஒண்ணைத் தூக்கிப் போட்டிருந்தாப் பொழைச்சிருக்கும். வாளி வாளியா மீனைக் கொட்டிட்டு, தின்னலைன்னதும் தாய் மேல பழியைப் போட்டுப் பிரிச்சு வச்சோம். நானும் கயிறு பிடிச்சேன். அதைப் பாத்துட்டுத்தான் உன்னைப் போகாதேன்னு எழுதினேன்.

முந்தாநாள் அதோட கூட்டம் விரிகுடா வாய்க்கு வந்துச்சு. அதே குரல், எனக்கே அடையாளம் தெரிஞ்சுது. மகள் அந்தப் பக்கம் தலையைக் கூடத் திருப்பலை. என் வாளிச் சத்தம் கேட்டு என்கிட்ட வந்து வாயைத் திறந்துச்சு. நான் வாளியைக் கீழ வச்சுட்டேன்.

இந்தக் கடிதம் கிடைச்சதும் போ. ஞாயித்துக்கிழமை வரைக்கும் காத்துக்கிட்டு இருக்காதே. அக்காகிட்ட இதைக் காட்டு.

அக்கா, பிள்ளையை மேரிகிட்டத் திருப்பிக் குடுத்துடு. இது நான் எழுதினதுதான், உன் தம்பி சூசைநாதன்.

தூசியில இருந்தாலும் அவ உன் காலடியில இருக்கட்டும் மேரி. சீக்கிரம் போ.

சூசைநாதன்


விருத்தாசலம்
28-9-1970

அமலு அப்பாவுக்கு,

லெட்டரு வியாழக்கிழமை வந்துச்சு. வெள்ளிக்கிழமை காலையில முதல் பஸ்ஸைப் பிடிச்சேன். அவளுக்கு ஒரு பாவாடை சட்டை பையில எடுத்துக்கிட்டேன். உங்க லெட்டரை ரவிக்கைக்குள்ள வச்சிருந்தேன். போற வழியெல்லாம் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டேன்.

அமலு வாசல்ல கோழிக்குத் தவிடு போட்டுக்கிட்டு இருந்தா. நல்லா சதை போட்டிருக்கா. நான் எடுத்துக்கிட்டுப் போன சட்டை அவளுக்குப் பத்தாது. என்னைப் பாத்ததும் உள்ள ஓடினா. என்னைப் பாத்த சந்தோஷத்துல பைத்தியம் மாதிரி ஓடுறான்னு நினைச்சேன். "அம்மா, யாரோ வந்திருக்காங்க"ன்னு உள்ள சத்தம் கேட்டுச்சு.

அண்ணி வெளிய வந்தாங்க. என்னைப் பாத்ததும் அவங்க மூஞ்சி வெளுத்துப் போச்சு. எதுக்கு வந்திருக்கேன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். "மேரி அத்தை வந்திருக்காங்க, தண்ணி கொண்டாம்மா"ன்னாங்க. ரெண்டு கையாலயும் சொம்பைப் பிடிச்சு, சிந்தாம கொண்டாந்து குடுத்தா. என்னைத் தெரியுதா அமலுன்னு கேட்டேன். "தெரியுமே, செராமிக் அத்தை"ன்னா. யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு நான் கேக்கலை. கேட்டு என்ன ஆகப் போகுது. நானே போகாம இருந்துதானே சொல்லிக் குடுத்தேன்.

அவ கையைப் பிடிச்சேன். கையை இழுத்துக்கலை. அப்படியே விட்டுட்டு அண்ணி மூஞ்சியைப் பாத்தா. போகச் சொல்லிடுவாங்களோன்னு பாக்குற பார்வை அது.

நீங்க குடுத்த லெட்டரை நான் வெளிய எடுக்கலை.

எடுத்திருந்தா அண்ணி குடுத்திருப்பாங்க. அழுதுக்கிட்டே குடுத்திருப்பாங்க. நான் தூக்கிக்கிட்டு பஸ் ஏறியிருப்பேன். அப்புறம் அமலு என் வூட்டு மூலையில உக்காந்துக்கிட்டு, எதையும் தொடாம, அண்ணி வர்றாங்களான்னு வாசலைப் பாத்துக்கிட்டு இருப்பா. நான் தட்டை வச்சுக்கிட்டு, நீங்க வாளியோட நின்ன மாதிரி நிப்பேன். ஒரு தடவை அவளைப் பிடிச்சுக்கிட்டுப் போனது நீங்களும் உங்க அக்காவும். ரெண்டாந்தடவை வலை போட என்னால முடியலை. நான் பெத்தவ. அதுக்காகத்தான் முடியலை.

என் மேல கோபப்படாதீங்க. உங்க மேலயும் எனக்கு இப்பக் கோபம் இல்லை. கோபம் இருந்தாலாவது தேவலாம்.

கிளம்புறேன்னு எந்திரிச்சேன். சாப்பிடாம அனுப்ப மாட்டேன்னு அண்ணி அடுப்படிக்குப் போயிட்டாங்க. நான் கொல்லைப் பக்கம் போய் மூஞ்சி கழுவிக்கிட்டு நின்னேன். பின்னால அமலு வந்து, "அத்தை, சாப்பிட வாங்க"ன்னு கூப்பிட்டா. நான் திரும்பலை. வேற யாரையோ கூப்பிடுறான்னு நின்னுக்கிட்டு இருந்தேன். மறுபடியும் கூப்பிட்டா. அப்பதான் என்னைத்தான்னு தெரிஞ்சு திரும்பினேன்.

இனிமே ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போறேன்னு அண்ணிகிட்டச் சொல்லிட்டு வந்திருக்கேன். அடுத்த தடவை அவ ஒரு தடவை கூப்பிட்டதுமே திரும்பிடுவேன்.

உபகாரமேரி